முதுமையின் வெளிவட்டம்

ஒருவருக்கு யார் யாருடன் உறவு இருக்கிறது, அவற்றுள் எவை காலப்போக்கில் கழிகின்றன, எவை புதிதாகச் சேர்கின்றன என்பதை அறியச் சமூகவியலாளர்கள் கையாளும் முதன்மையான கருவி பெயர்ப்பட்டியல். மனத்தில் இருப்பதை யாரிடம் சொல்வீர்கள், உடம்புக்கு முடியாவிட்டால் யார் வந்து பார்ப்பார்கள், அவசரத்துக்குக் கைமாற்று யாரிடம் கேட்பீர்கள் என்று வினவி, விடையாக வரும் பெயர்களைக் குறித்துக்கொண்டு, சில ஆண்டுகள் கழித்து அதே மனிதரிடம் அதே வினாக்களை மீண்டும் கேட்டு, இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே அந்த முறை. விருதுநகர் மாவட்டத்தின் வடக்கு விளிம்பில், மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் காரியாபட்டியிலும் அதைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலும், எந்த ஆய்வாளரும் வந்து கேட்காமலேயே இத்தகைய பட்டியல் வீடுதோறும் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் மொய் நோட்டு.

காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுவீடு குடிபுகுதல் என ஒவ்வொரு விசேஷத்திலும் எந்த ஊரிலிருந்து யார் வந்தார், எவ்வளவு செய்தார் என்பது ஊர்ப்பெயரோடும் தகப்பன் பெயரோடும் அதில் பதிவாகிறது. செய்முறை என்று மதுரைப் பக்கத்தில் வழங்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலில் வாங்கியதைத் திருப்பிச் செய்வதும், செய்யும்போது சற்றுக் கூட்டிச் செய்வதும் வழக்கமாதலால் கணக்கு ஒருபோதும் நேராவதில்லை. நேராகாமல் இருப்பதாலேயே உறவும் அறுபடுவதில்லை. மூத்த மகள் சடங்குக்கு எழுதிய நோட்டையும் பேரன் காதுகுத்துக்கு எழுதிய நோட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஒருவருக்கு, எந்தெந்த ஊர்கள் மறைந்தன, எந்த வீடுகளில் தகப்பன் பெயரிருந்த இடத்தில் மகன் பெயர் வந்தது, திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை என்ற புதிய ஊர்கள் எப்போது நுழைந்தன என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆயினும் அந்த நோட்டு முழு உண்மையைச் சொல்லாது. அதில் எழுதப்படுவது பெரும்பாலும் ஆண்களின் பெயர். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அதில் இடமில்லை. கடமை அதில் வரவாகிறது, பிரியம் வரவாவதில்லை. கணினியில் மொய் எழுதி அச்சிட்ட ரசீது தரும் காலம் வந்த பின்னும் இந்தக் குறை அப்படியேதான் இருக்கிறது.

மூப்பு வந்தால் உறவுகள் ஒவ்வொன்றாக உதிரும் என்பது எல்லாரும் ஒப்புக்கொள்ளும் கருத்து. உதிர்பவை எவை, அவை தாமாக உதிர்கின்றனவா, உதிர்க்கப்படுகின்றனவா என்ற கேள்விகள்தாம் அதிகம் கேட்கப்படாதவை. முதியோரைப் பற்றிய நம் பேச்சு முழுவதும் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்களா என்ற ஒரே வினாவைச் சுற்றி வருகிறது; காரியாபட்டி போன்ற ஒரு வட்டாரத்தைக் கூர்ந்து நோக்கினால், முதியவர் ஒருவரின் நிலை பிள்ளைகளை மட்டும் பொறுத்ததாக இல்லை, பிள்ளைகளுக்கு அப்பால் இருக்கும் மனிதர்களையும், அவர்களைச் சந்திக்க வாய்ப்பளிக்கும் இடங்களையும் அதே அளவுக்குப் பொறுத்திருக்கிறது என்பது புலப்படும்.

மக்கள்தொகைக் கணக்கு இந்தக் கேள்வியை அவசரமாக்குகிறது. 2011 கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தோர் இந்தியாவில் 8.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 10.4 விழுக்காடு. தேசிய மக்கள்தொகை ஆணையம் அமைத்த தொழில்நுட்பக் குழு 2020-இல் வெளியிட்ட கணிப்பு, தமிழ்நாட்டின் விகிதம் 2021-இல் 13.6 ஆகவும் 2031-இல் 18.2 ஆகவும் உயரும் என்கிறது. கேரளத்துக்கு அடுத்த இடம் இது. கண்மாய் நிறைந்தால் நெல்லும் நிறையாவிட்டால் சோளமும் பருத்தியும் மிளகாயும் என்று பிழைத்து, அதுவும் பொய்த்தால் சீமைக்கருவேல் மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுக் காலம் தள்ளும் இந்த வானம் பார்த்த பூமியிலிருந்து இளையோர் தொடர்ந்து வெளியேறுவதால், ஊருக்குள் பகலில் நடமாடுவோரில் முதியோரின் பங்கு எந்தப் புள்ளிவிவரமும் இல்லாமலேயே கண்ணில் படும்.

வழித்துணைகள்

சமூக வலைப்பின்னல் என்ற கருத்தை ஆய்வுச் சொல்லாக நிலைநிறுத்தியவர் ஜே. ஏ. பார்ன்ஸ் என்ற மானிடவியலாளர். நார்வேயின் பிரேம்னஸ் என்னும் மீனவத் தீவுப் பகுதியில் ஆய்வு செய்து 1954-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, மனிதரைக் குடும்பம், ஊர், வர்க்கம் என்ற பெட்டிகளுக்குள் அடைத்துப் பார்ப்பதைவிட, ஒருவரையொருவர் தொடும் கோடுகளின் பின்னலாகப் பார்ப்பது பல விஷயங்களை விளக்கும் என்று காட்டியது. அந்தப் பின்னலில் ஒரு தனி மனிதரை நடுவில் வைத்து, அவரைத் தொடும் கோடுகளை மட்டும் வரைந்தால் கிடைப்பது அவருடைய தனிப்பட்ட உறவு வலை. இதற்குக் கால ஓட்டத்தைச் சேர்த்தவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் கானும் டோனி அன்டனூச்சியும். 1980-இல் அவர்கள் முன்வைத்த மாதிரியின்படி, ஒவ்வொரு மனிதரும் வாழ்க்கைப் பாதையில் ஒரு துணைக் கூட்டத்தோடு பயணம் செய்கிறார். அந்த வழித்துணைகளை ஒன்றனுள் ஒன்றாக மூன்று வட்டங்களில் வைக்கலாம்: இவர் இல்லாமல் வாழ்வே இல்லை என்று நினைக்கப்படுவோர் அகவட்டத்திலும், நெருக்கமானவர்களே ஆயினும் அந்த அளவுக்கு இன்றியமையாதவர் அல்லாதோர் நடுவட்டத்திலும், வேலை, அண்டை, கோயில், கடை போன்ற ஒரு நிலையால் மட்டும் அறிமுகமானோர் வெளிவட்டத்திலும் இடம் பெறுவர்.

வயது கூடக்கூட வெளிவட்டமே முதலில் சுருங்குகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய மாறுபாடில்லை. 277 ஆய்வுகளைத் தொகுத்து ஜெர்மானிய உளவியலாளர்கள் 2013-இல் வெளியிட்ட பகுப்பாய்வு, ஒருவரின் மொத்த உறவு வலை இளமையில் விரிந்து, பின்னர் படிப்படியாகக் குறைகிறது என்றும், குடும்ப உறவுகளின் எண்ணிக்கை மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது என்றும் காட்டியது. ஏன் அப்படி என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன் சொன்ன விளக்கம் புகழ்பெற்றது: எஞ்சியிருக்கும் காலம் குறைவு என்று உணரும் மனிதர், பயனுக்கான பழக்கங்களை விட்டுவிட்டு மனநிறைவு தரும் சில உறவுகளை மட்டும் வைத்துக்கொள்கிறார், ஆகவே வலை சுருங்குவது இழப்பன்று, முதியவரே செய்துகொள்ளும் தேர்வு. உணர்வுசார் தேர்வுக் கோட்பாடு எனப்படும் இது, முதுமையை இரக்கத்துக்குரிய நிலையாகவே பார்த்துவந்த பழைய பார்வைக்கு நல்ல மறுப்பு. ஆனால் காரும் தொலைபேசியும் ஓய்வூதியமும் உள்ள ஒருவர் யாரைப் பார்ப்பது, யாரைத் தவிர்ப்பது என்று தேர்ந்தெடுப்பதற்கும், மூட்டுவலியால் அடுத்த தெருவுக்கு நடக்க முடியாத ஒருவர் அந்தத் தெருக்காரர்களைப் பார்க்காமலே போவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கோட்பாடு போதிய அளவு கணக்கில் எடுப்பதில்லை. கரிசல் காட்டில் பல உறவுகளுக்கு முடிவு கட்டுவது மனம் அன்று, முழங்கால்.

சுருக்கம் ஒன்றே முதுமையின் கதையும் அன்று. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்து நடந்த தேசிய ஆய்வொன்று, 57 முதல் 85 வயது வரையிலானவர்களை 2005-06-இல் கண்டு, ஐந்தாண்டுகளுக்குப் பின் அவர்களையே மீண்டும் சந்தித்தபோது, ஐந்தில் நான்கு பேருக்கு மேல் முந்தைய பட்டியலில் இல்லாத புதிய ஒருவரையாவது சேர்த்திருந்தனர். முதுமையின் வலை வற்றிக்கொண்டே போகும் குட்டை இல்லை. உள்ளே வருவோரும் வெளியே போவோரும் உண்டு, வருவோர் தொகை போவோர் தொகையை ஈடுசெய்யாமல் போவதே நிகர விளைவு. இதற்கு அருகிலிருந்தே ஒரு சான்று உண்டு. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் 1923-இல் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் சிறுவயது முதல் சேக்காளிகள். அழகிரிசாமி 1970-இலேயே மறைந்தார். கி.ரா.வோ, அறுபதைக் கடந்து 1980-களின் இறுதியில் பல்கலைக்கழகப் பணிக்காகப் புதுச்சேரி சென்று, மாணவர்களும் வாசகர்களும் எழுத்தாளர்களுமாகப் புதிய கூட்டம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, 2021-இல் அங்கேயே காலமாகும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதனுடன் வாழ்ந்தார். புகழ்பெற்ற எழுத்தாளரை எல்லாருக்கும் அளவுகோலாக்க முடியாது என்றாலும், அவருக்குப் புதியவர்களைச் சந்திக்கும் பணியும் இடமும் அந்த வயதில் வாய்த்தன என்பதே இங்கே கவனிக்கத்தக்கது.

ஒரே ஆள், பல முறை

மேலைநாட்டு மாதிரியில் குடும்பம் ஒரு வட்டம், அண்டைவீட்டார் வேறு வட்டம், உடன் வேலை செய்வோர் மற்றொரு வட்டம். காரியாபட்டி வட்டாரத்து ஊர்களில் இந்த வட்டங்களைப் பிரிக்கக் கத்தி தேவை. பங்காளி என்ற தகப்பன் வழிக் கூட்டமும், மாமன் மச்சான் என்ற கொடுத்துக் கொண்ட கூட்டமுமாக ஊர் முழுவதும் முறை வைத்து அழைக்கப்படுகிறது. மதுரைக்கு மேற்கே 1949-50-இல் தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் விரிவாக எழுதிய இந்த உறவுமுறையில், அத்தை மகனையோ மாமன் மகளையோ தாய்மாமனையோ மணப்பது உரிமையாகவே கருதப்பட்டது. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்விலும் தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் சொந்தத்துக்குள்ளேயே நடந்திருந்தன.

இதன் விளைவு முதுமையில்தான் முழுமையாகத் தெரிகிறது. வட இந்தியாவின் பல பகுதிகளில் அறியாத ஊருக்கு மணம் முடித்து அனுப்பப்பட்ட பெண், தன் பிறந்த வீட்டு உறவுகளைப் பாதி வழியிலேயே தொலைக்கிறார். இங்கே அண்ணன் மகளே மருமகளாக வந்திருக்கும் அப்பத்தாவுக்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே முற்றத்தில் கூடிவிடுகின்றன. ஒரே மனிதர் பல வகையில் உறவாக இருப்பதை ஆய்வாளர் பல்லிழை உறவு என்பர். ஓரிழை நைந்தாலும் மற்ற இழைகள் தாங்கும் என்பது அதன் பலம். அதன் ஆபத்து குறைவாகவே பேசப்படுகிறது. பாகப்பிரிவினையில் ஒரு வழக்கு முளைத்தால், தம்பி, சம்பந்தி, பக்கத்துக் காட்டுக்காரர் ஆகிய மூவரையும் முதியவர் ஒரே நாளில் இழக்க நேரும், ஏனெனில் மூவரும் ஒரே ஆள். எழுபது வயதில் அப்படி ஒருவர் போனபின் அந்த மூன்று இடங்களையும் நிரப்ப வேறு மூவர் கிடைக்கமாட்டார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: முறை வைத்து அழைக்கும் இந்த உறவு சாதி எல்லையோடு நின்றுவிடுகிறது. ஊர்ச் சாவடியில் வெள்ளைவேட்டியோடு உட்காரும் உரிமை எல்லாத் தெரு முதியவர்களுக்கும் ஒன்றாக இருந்ததில்லை.

சாவடி ஆண்களின் இடம். நாளிதழ் அங்கே ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதாக இருந்தது. ஆடுபுலி ஆட்டமும் மழைப் பேச்சும் கண்மாய் மீன் ஏலப் பேச்சும் அங்கே நடந்தன. விவசாயம் செய்யும் ஆணுக்கு ஓய்வுபெறும் நாள் என்று ஒன்று கிடையாது. நிலத்தை மகனிடம் விட்டாலும் சாவடி இருக்கும்வரை வெளிவட்டம் இருந்தது. இன்று வேலை வயதினர் விடியற்காலையில் மில் வேனிலும் பட்டாசு ஆலை வண்டியிலும் மதுரைப் பேருந்திலும் ஏறிப் போய்விடுவதால், சாவடியில் கூடுவோர் ஒரே வயதினராகச் சுருங்கிவிட்டனர். ஒரே வயதினரின் கூட்டத்துக்கு உள்ள இடர்ப்பாடு வெளிப்படையானது: ஐந்தாறு ஆண்டுகளில் அதில் பாதிப்பேர் இல்லாமல் போகலாம்.

பெண்களின் வலைக்கு வேறு வரலாறு. சாத்தூர், சிவகாசிப் பக்கத்தில் 1920-களிலிருந்து வேரூன்றிய தீப்பெட்டித் தொழில், கட்டை அடுக்குவதையும் பெட்டி ஒட்டுவதையும் வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்தது. பட்டாசுக்கான காகிதக் குழாய் உருட்டுவதும் அப்படியே. கூலி சொற்பம், இடுப்பு வலி மிகுதி, குழந்தை உழைப்பின் கறையும் உண்டு. இவற்றுள் எதையும் மறுக்காமலே, கண் மங்கிய கிழவியும் பேத்தியும் பக்கத்து வீட்டுக்காரியும் ஒரே திண்ணையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் கணக்கில் எழுதவேண்டும். எந்திரத் தீப்பெட்டி பரவியபின் அந்தத் திண்ணைகள் பலவும் ஓய்ந்தன. பட்டாசுக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் கட்டுப்பாடுகள் விதித்ததைத் தொடர்ந்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது வருமான இழப்பைப் பற்றி நிறையப் பேசப்பட்டது. வேலையோடு கூட்டமும் கலைந்தது பற்றி யாரும் பேசவில்லை.

பெண்களுக்கு அந்த இடத்தில் வந்து சேர்ந்தது, 2005 சட்டத்தின் கீழ் தொடங்கி ஊரார் நூறு நாள் வேலை என்றே அழைத்த திட்டம். தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தோரில் பெரும்பான்மையினர் பெண்கள், அவர்களிலும் வயதானவர்கள் மிகுதி. வேலையின் தரம் பற்றிக் கேலி பேசுவோர் உண்டு. கண்மாய்க் கரையில் மண் அள்ளுவதைவிட மரத்தடியில் உட்காருவதே அதிகம் என்பது பொதுவான நையாண்டி. உறவு வலையின் கண்கொண்டு பார்த்தால் அந்த மரத்தடியே முக்கியம். அறுபத்தைந்து வயதுக் கைம்பெண் ஒருவர், முறை சொல்ல முடியாத வேறு தெருப் பெண்களோடு ஒரே இடத்தில் சட்டியைப் பிடித்து, ஒரே நிழலில் தூக்குவாளியைத் திறக்கும் வாய்ப்பு, இந்த வட்டாரத்தில் அதற்குமுன் அரிதாகவே கிடைத்தது.

தபால்காரரும் டவுன் பஸ்ஸும்

வெளிவட்டத்தின் மதிப்பைக் கோட்பாடாக்கியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர். நெருங்கியவர்கள் அனைவருக்கும் ஒரே செய்திதான் தெரிந்திருக்கும், ஆகவே புதிய செய்தியும் புதிய வாய்ப்பும் தூரத்துப் பழக்கங்கள் வழியாகவே வருகின்றன என்று 1973-இல் அவர் எழுதியது வேலை தேடுவோரைப் பற்றியது என்றாலும், முதியோருக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். உதவித்தொகைக்கு எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது, கண் அறுவைச் சிகிச்சை முகாம் எப்போது என்பதை மகன் சொல்வதற்கு முன்னால் டீக்கடைக்காரர் சொல்லிவிடுவார்.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-இல், இந்த மாவட்டத்தைச் சேர்ந்த காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது தொடங்கியது. 2023-இல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தொகையைவிட அது வந்துசேர்ந்த வழி உறவு வலைக்கு முக்கியமானது. மணியார்டராக வந்த காலத்தில் தபால்காரர் மாதம் ஒருமுறை வாசலில் நின்றார்; படிக்கத் தெரியாதவருக்குக் கடிதம் வாசித்தார், வெளியூர் மகனுக்கு ஒரு வரி எழுதினார், போகும்போது பத்து ரூபாய் எடுத்துக்கொண்டார் என்ற மனக்குறையும் இருந்தது. வங்கிக் கணக்குக்கு மாறியபின், கையில் சிறு எந்திரத்தோடு வரும் வங்கி முகவரிடம் கைரேகை வைத்துப் பணம் பெறும் முறை வந்தது. தேய்ந்த விரலில் ரேகை விழாமல் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. ஊழலுக்கு வழி குறைந்தது நல்லதே. ஒரு மனிதரின் மாத வருகை ஒரு நிமிடப் பரிமாற்றமாகக் குறுகியதும் உண்மையே.

இதே இருமுகத் தன்மை வேறு திட்டங்களிலும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலரை வீட்டு வாசலுக்கு அனுப்பி, முதியவரின் பட்டியலில் ஒரு புதிய பெயரைச் சேர்க்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தாயுமானவர் திட்டம், வயது முதிர்ந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது; நடக்க முடியாதவருக்கு இது பெரும் உதவி. நடக்க முடிந்தவருக்கோ, மாதத்தில் ஒருமுறை வரிசையில் நின்று மற்றத் தெருவினரோடு பேசிவிட்டு வரும் ஒரே காரணத்தையும் இது எடுத்துவிடக்கூடும். வசதி செய்து தருவதும் வெளியே வரச்செய்வதும் எப்போதும் ஒரே திசையில் செல்லும் காரியங்கள் அல்ல.

அந்த வகையில் அண்மைக்கால அரசு நடவடிக்கைகளில் முதியோரின் வெளிவட்டத்துக்கு மிகுந்த நன்மை செய்தது முதியோருக்கென்று அறிவிக்கப்படாத ஒன்று: 2021 மே மாதத்தில் வந்த, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம். கையில் காசில்லாத அம்மாச்சி, மல்லாங்கிணற்றில் இருக்கும் தங்கையைப் பார்க்கவும், காரியாபட்டிச் சந்தைக்குப் போகவும், கேதம் கேட்க அடுத்த ஊருக்குப் போகவும் மருமகளிடம் கை நீட்டவேண்டிய தேவை குறைந்தது. அதே வயது ஆண் டிக்கெட் வாங்கவேண்டும். எழுபது வயதுக் கிழவருக்கும் அவர் மனைவிக்கும் உறவு வலை வெவ்வேறு வேகத்தில் சுருங்குவதற்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு காரணமாகியிருப்பது, திட்டம் தீட்டியவர்கள் நினைத்துப் பார்த்திராத விளைவாக இருக்கலாம்.

தொலைவுக்குப் போனவர்களின் கதை முழு இழப்பு அன்று. காரியாபட்டிக்கு மேற்கே, திருமங்கலம் கள்ளிக்குடிப் பக்கத்து வடக்கம்பட்டியிலிருந்து 1930-களில் காரைக்குடிக்குப் போய் ஒருவர் தொடங்கிய முனியாண்டி விலாஸ், வட்டாரத்து மக்கள் பலரைத் தென்னிந்திய நகரங்கள் எங்கும் உணவக முதலாளிகளாகவும் சமையல்காரர்களாகவும் பரப்பியது. ஆண்டுதோறும் முனியாண்டி கோயில் விழாவுக்கு அவர்கள் ஊர் திரும்பிப் பிரியாணி சமைத்துப் பிரசாதமாக வழங்குவதைச் செய்தித்தாள்கள் விருந்தின் அளவுக்காகவே எழுதுகின்றன. ஊரில் தங்கிவிட்ட மூத்தவர்களுக்கோ, அந்த இரண்டு நாள்கள் கலைந்துபோன தலைமுறை முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்கும் வாய்ப்பு. மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடப் பங்காளிகள் கூடுவதும் அப்படித்தான். தினமும் பார்க்கும் உறவு குறைந்து, ஆண்டுக்கொரு முறை பார்க்கும் உறவு நிலைத்திருப்பது இன்றைய வலையின் புதிய வடிவம். இடைவெளியை மகளின் கைப்பேசி அழைப்பு ஓரளவு நிரப்புகிறது. கைப்பேசி அகவட்டத்தை நெருக்கமாக்குகிறதே தவிர, வெளிவட்டத்துக்கு அதனால் பெரும் பயன் இல்லை.

கணவனோ மனைவியோ இறக்கும்போது வலை திடீரென்று உருமாறுகிறது. இந்தியாவில் முதிய ஆண்களைவிட முதிய பெண்களிடையே துணையிழந்தோர் மிக அதிகம். கேத வீட்டில் பிறந்த வீட்டார் கோடி போடுவது, பதினாறாம் நாள் வரை உறவினர் வந்துபோவது ஆகியவை இறந்தவருக்காகச் செய்யப்படுவனவாகத் தோன்றினாலும், இருப்பவருக்கு யார் யார் பொறுப்பு என்பதை ஊரறிய உறுதிசெய்யும் சடங்குகள் அவை. அதற்குப் பின் நடப்பதில் ஆணும் பெண்ணும் பிரிகிறார்கள். சுபகாரியங்களில் முன்னிற்க விடாமல் கைம்பெண்ணை ஒதுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஆயினும் அன்றாட வாழ்வில் அவருக்கு மற்றப் பெண்களின் சமையலறைகள் திறந்தே இருக்கின்றன. மனைவியை இழந்த ஆணுக்கு ஒதுக்கல் இல்லை, உறவும் இல்லை. சம்பந்தி வீட்டு நலம் விசாரிப்பது, பேத்தி வயதுக்கு வந்தால் யாருக்குச் சொல்லவேண்டும் என்று நினைவு வைப்பது எல்லாம் மனைவியின் வேலையாக இருந்ததால், அவரோடு அந்தக் கோடுகளும் அறுந்துவிடுகின்றன. மொய் நோட்டு ஆணின் பெயரில் இருந்தாலும் அதை நடத்தியவர் பெண்ணே என்பது அப்போதுதான் தெரியவரும்.

அகவட்டத்தின் சுமை

1970-களின் இறுதியில் தொடங்கி இருபது ஆண்டுகள் வட வேல்ஸ் நாட்டுப்புற முதியோரைப் பின்தொடர்ந்த கிளேர் வெங்கர், அவர்களின் உறவு வலைகளை ஐந்து வகைகளாகப் பிரித்தார். அவற்றுள் பிள்ளைகளை மட்டும் சார்ந்த வலையைவிட, உறவினர், அண்டையார், நண்பர் மூவரும் கலந்து ஊரோடு ஒட்டிய வலையே முதியவரை நன்றாகத் தாங்குகிறது என்பது அவர் கண்டது. உடல் தளரத் தளர, ஊரோடு ஒட்டிய வலை மெல்லப் பிள்ளைகளை மட்டும் சார்ந்த வலையாக மாறுகிறது என்பதையும் அவர் கண்டார். 148 ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்காவில் 2010-இல் வெளியான பகுப்பாய்வு, வலுவான சமூக உறவு உடையோர் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு அதிகம் என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-இல் உலகில் ஆறில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்படுவதாகக் கூறியது.

இவற்றை விருதுநகர் மாவட்டத்தில் வைத்துப் படிக்கும்போது ஓர் இருண்ட பக்கத்தைத் தவிர்க்க முடியாது. மூப்பும் நோயும் முற்றியவரின் சாவை வீட்டாரே விரைவுபடுத்தும் தலைக்கூத்தல் என்னும் வழக்கம், இந்த மாவட்டத்தை முன்வைத்து 2010-இல் பெரிதாகச் செய்தியானது. வறுமை என்றும், மரபு என்றும், கருணை என்றும் அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. அது சட்டப்படி கொலை. அதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் படுக்கையில் விழுந்தவரைப் பகலெல்லாம் ஒற்றை மருமகளோ ஒற்றை மகளோ பார்க்க, ஒரு மணி நேரம் மாற்றிவிட யாரும் வராத வீடு எப்படி அந்த நிலையை அடைந்தது என்ற கேள்வி, குற்றத்தைத் தண்டிப்பதால் மட்டும் தீர்வதில்லை. வெளிவட்டம் முழுவதும் கரைந்து, அகவட்டத்தின் தலையில் எல்லாம் இறங்கும் இடத்தில் அந்தக் கேள்வி நிற்கிறது.

சட்டமும் அந்த அகவட்டத்தையே நோக்குகிறது. 2007-இல் நாடாளுமன்றம் இயற்றிய பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், பராமரிக்காத பிள்ளைகள் மீது கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடவும், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெறவும் வழிசெய்தது. பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய தானசெட்டில்மென்ட் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்டு முதியோர் ஆட்சியர் அலுவலகங்களுக்கு வருவது இச்சட்டத்தின் 23-ஆம் பிரிவை நம்பித்தான். நிலத்தைத் திரும்பப் பெற உதவும் சட்டம், அந்த வழக்கால் அறுந்துபோகும் பல்லிழை உறவுகளுக்கு எதையும் ஈடாகத் தரமுடியாது. அது சட்டத்தின் குறை என்று சொல்வது நியாயமாகாது. சட்டத்தால் மட்டும் ஆகும் காரியம் என்று நினைப்பதுதான் குறை. பகல்நேரத்தில் முதியோர் கூடும் மையங்களை மாநில அரசு 2025-இல் தொடங்கியிருப்பது வேறு திசையில் எடுத்த அடி. ஆனால் அவை பெரும்பாலும் நகரத்தவருக்கானவை. நாற்பது வீடுகள் உள்ள கரிசல் ஊருக்கு, பழைய சாவடியின் ஓட்டைச் சரிசெய்து, பெண்களும் எல்லாத் தெருவினரும் உட்காரும்படி அதைத் திறந்துவிடுவது இன்னும் மலிவான வழியாக இருக்கும்.

இன்று ஐம்பது வயதில் இருப்போரின் முதுமை இன்னொரு வகையில் இருக்கும். ஐந்தாவது குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். அண்ணன் தம்பி இல்லாத பெண்ணின் பிள்ளைக்குத் தாய்மாமன் இருக்கமாட்டார், காதுகுத்தில் மடியில் உட்காரவைக்க அந்தப் பெண்ணின் பெரியம்மா மகனைத் தேடவேண்டியிருக்கும். அகவட்டம் சுருங்கும் என்பது எண்ணிக்கையிலேயே எழுதப்பட்டுவிட்ட செய்தி. வெளிவட்டத்தில் நடந்துகொண்டிருக்கும் மாற்றம் அவ்வளவு எளிதில் கண்ணில் படுவதில்லை. அருப்புக்கோட்டைப் பக்கத்து நூற்பாலைக்கோ பட்டாசு ஆலைக்கோ இருபது ஆண்டுகள் ஒரே வேனில் போய்வந்தவர்களின் சேக்காளிகள் பத்துப் பன்னிரண்டு ஊர்களில் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்கள் சந்தித்த இடம் சாவடியோ திண்ணையோ அன்று, வேனின் இருக்கை. கணக்கு முடித்துக்கொண்டு நின்றுவிட்டால், மறுநாள் காலை முதல் அந்த வேன் அவர்கள் வாசலில் நிற்காது.